இதயம் எவ்வளவு எடுத்துக்கொண்டது?

உயர்தர வகுப்பில் கதிர்த்தொழிற்பாடு என்னும் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் கற்பித்து வருகிறேன். அரை ஆயுட்காலக் கணக்குகளைப் பிள்ளைகள் விரைவாகவே செய்து முடித்துவிடுவார்கள். முடித்த கையோடு யாராவது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்பாள்: “டீச்சர், இது சோதனைக்கு மட்டுந்தானா? வேறு எங்கயாவது உதவுமா?” நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விடயம் இதயத்தைப் படம் பிடிக்கும் ஒரு பரிசோதனை. மிகச் சிறிய அளவு கதிர்த்தொழிற்பாட்டு மருந்தைக் குருதியில் செலுத்தி, இதயத் தசையின் ஒவ்வொரு பகுதியும் அதில் எவ்வளவை எடுத்துக்கொண்டது என்று எண்ணிப் பார்க்கும் பரிசோதனை அது. நமது பாடப்புத்தகத்தில் உள்ள பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம் ஆகிய நான்கும் அதில் ஒன்றாகச் சந்திக்கின்றன. பெண்களின் உடலில் இந்த அளவீடு ஒரு தனிச் சிக்கலையும் எதிர்கொள்கிறது. ஆகவே மாணவிகளோடு உம்மாமாரும் வாப்பாமாரும் இதை வாசிக்க வேண்டும் என விரும்புகிறேன்.

சுவடு பார்க்கும் யோசனை

ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் டி ஹெவெசி என்ற இரசாயனவியலாளர் இளமையில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆராய்ச்சி செய்தார். அவர் தங்கியிருந்த விடுதியில் மிஞ்சிய இறைச்சியை அடுத்தடுத்த நாட்களில் வேறு கறியாக மாற்றிப் பரிமாறுகிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் தன் தட்டில் மிஞ்சியதில் சிறிதளவு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாட்களுக்குப் பின் பரிமாறப்பட்ட உணவை மின்காட்டியால் சோதித்தபோது அது கதிர்த்தொழிற்பாட்டைக் காட்டியதாம். இந்தக் கதை பல நூல்களில் சொல்லப்படுகிறது.

வேடிக்கைக் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய யோசனை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைப் பொருளோடு சேர்த்து அனுப்பினால், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வெளியே இருந்தபடியே கண்டுகொள்ளலாம். 1923ஆம் ஆண்டு ஹெவெசி கதிர்த்தொழிற்பாட்டு ஈயத்தைக் கொண்டு, தாவரம் அதை எப்படி உறிஞ்சுகிறது என ஆராய்ந்தார். 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இவ்வாறு வழி காட்டும் பொருளை இக்கட்டுரையில் ‘சுவட்டு மருந்து’ என்று அழைக்கிறேன்.

ஊசிக்குள் இருப்பது என்ன?

இன்று இதயப் பரிசோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது தெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலம். அது வெளிவிடும் காமாக் கதிரின் சக்தி 140 கிலோ இலத்திரன்வோல்ற்று. இந்த இரண்டு எண்களும் மருத்துவத்துக்கு மிகவும் பொருந்துகின்றன. 6 மணித்தியாலம் என்பது படம் பிடித்து முடிக்கப் போதுமானது. நாள்கணக்கில் உடலில் தங்கும் அளவுக்கு நீண்டதன்று. 140 என்ற சக்தியோ உடலை ஊடுருவி வெளியே வரப் போதுமானது. கமராவின் பளிங்கு அதைத் தடுத்து நிறுத்திப் பதிவு செய்யும் அளவுக்குக் குறைவானது.

ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும் பொருளை எப்படித் தூர நாடுகளிலிருந்து கொண்டுவருவது என்று கேட்பீர்கள். அதன் ‘தாயை’க் கொண்டுவருகிறார்கள். மொலிப்தனம்-99 என்ற தாய்ச் சமதானியின் அரை ஆயுட்காலம் 66 மணித்தியாலம். அது தேய்ந்து தெக்னீசியமாக மாறும். ஈயக் கவசமிட்ட கலத்துக்குள் தாய் இருக்கும். அதனூடாக உப்புநீரைச் செலுத்தினால் மகள் மட்டும் கரைந்து வெளியே வரும். மறுநாள் திரும்பவும் எடுக்கலாம். பசுவில் பால் கறப்பதுபோல என்பதால் ஆய்வுகூடங்களில் இதைப் ‘பசு’ என்றே செல்லமாக அழைப்பார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் இதை உருவாக்கியவர்கள் வோல்டர் டக்கர், மார்கரெட் கிரீன் ஆகிய இருவர். அந்த இருவரில் ஒருவர் பெண் என்பதை நம் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

தெக்னீசியத்தைத் தனியே செலுத்தினால் அது இதயத்துக்குப் போகாது. இதயத் தசை விரும்பி எடுக்கும் ஒரு சேர்வையோடு அதைப் பிணைக்க வேண்டும். செஸ்டமிபி, டெட்ரோபொஸ்மின் என்பன அத்தகையவை. இவை கொழுப்பில் கரையும் தன்மையும் நேரேற்றமும் கொண்டவை. ஆகவே கலமென்சவ்வைக் கடந்து உட்சென்று, எதிரேற்றம் கொண்ட இழைமணியின் உட்புறத்தில் தங்கிவிடுகின்றன. ஓயாமல் சுருங்கி விரியும் இதயத் தசைக்கு இழைமணிகள் ஏராளம். உயிருள்ள கலமும் வேண்டும், அதற்குக் குருதியும் வந்து சேர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் சுவட்டு மருந்து ஏறும்.

அப்படியிருந்தும் ஊசியில் சென்ற மொத்த மருந்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கே இதயத்தில் சேர்கிறது. மற்றவை ஈரல், சிறுநீரகம், தசைகள் என்று பிரிந்து போகின்றன. அந்த ஒரு பங்கை வைத்துத்தான் முழுத் தீர்ப்பும் சொல்ல வேண்டும்.

ஏன் ஓட வைக்கிறார்கள்?

இதயத் தசைக்குக் குருதி கொண்டுவருபவை முடியுருநாடிகள். இவற்றில் ஒன்று ஒடுங்கினால் உடனே குருதி குறைந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை அதுவன்று. 1974ஆம் ஆண்டு லான்ஸ் கோல்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் நாய்களில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நாடியின் விட்டம் பாதியாக ஒடுங்கியதும் உச்சக் குருதியோட்டம் குறையத் தொடங்குகிறது. ஓய்வு நிலையின் குருதியோட்டமோ 85 வீதமளவு ஒடுங்கும்வரை பெரிதாக மாறுவதில்லை. நாடிக்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் விரிந்து கொடுத்துக் குறையை மறைத்துவிடுகின்றன.

நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தாலும் ஒரு வாளி மெதுவாக நிறையும்போது அது தெரியாது. குளியலறையிலும் குசினியிலும் ஒரே நேரத்தில் திறந்தால் தெரிந்துவிடும்.

அதனால்தான் இரண்டு தடவை அளக்கிறார்கள். ஒன்று ஓய்வில். மற்றது ட்ரெட்மில்லில் நடக்க வைத்து, இதயம் உச்ச வேகத்தை அடையும்போது. நடக்க இயலாதவர்களுக்கு அடினோசீன் போன்ற, நாடிகளை விரிக்கும் மருந்து கொடுக்கப்படும். இங்கே ஓர் அழகு இருக்கிறது. செஸ்டமிபி கலத்துக்குள் போனால் எளிதில் வெளியேறாது. ஆகவே அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது படம் பிடித்தாலும், ஊசி ஏற்றிய அந்தக் கணத்தில் குருதி எங்கெங்கு எவ்வளவு ஓடியதோ அதுவே படத்தில் தெரியும்.

கமரா எண்ணுவது எப்படி?

காமா கமராவை 1950களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவாக்கியவர் ஹால் ஆங்கர். உடலிலிருந்து வரும் காமாக் கதிர் சோடியம் அயடைட்டுப் பளிங்கில் பட்டதும் ஒரு சிறு ஒளிப்பொறி உண்டாகும். எந்த இடத்தில், எவ்வளவு சக்தியுடன் என்பது பதிவாகும். பளிங்குக்கு முன்னால் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு இருக்கும். நேராக வரும் கதிர் மட்டும் துளையூடாக நுழையும். சாய்வாக வருவது ஈயத்தில் உறிஞ்சப்படும். ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு கதிரே இந்தத் தகட்டைத் தாண்டுகிறது. கமரா இதயத்தைச் சுற்றி அரைவட்டமாக நகர்ந்து பல கோணங்களில் எண்ணும். கணினி அந்த எண்ணிக்கைகளைச் சேர்த்து முப்பரிமாண உருவத்தை அமைக்கும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் என்ன? வகுப்பில் நான் செய்யும் ஒரு செய்முறை உண்டு. மேசையில் சம அளவான கட்டங்கள் வரைந்த தாளை விரித்து, அதன் மீது ஒரு கைப்பிடிப் பயறைத் தூவச் சொல்வேன். ஒரு கட்டத்துக்குச் சராசரி 25 பயறு விழுந்தால், ஒன்றில் 20, இன்னொன்றில் 29 என்று மாறி மாறி இருக்கும். யாரும் அப்படித் திட்டமிட்டுத் தூவவில்லை. எழுமாற்றின் இயல்பு அது. இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம். 25க்கு 5, அதாவது 20 வீதம். 100க்கு 10, அதாவது 10 வீதம். 10,000க்கு 100, அதாவது 1 வீதம் மட்டுமே.

இதயப் படத்திலும் இதே விதிதான். ஒரு கட்டத்தில் 25 எண்ணிக்கையும் பக்கத்துக் கட்டத்தில் 20உம் இருந்தால், அதை நோய் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்து அதே விகிதத்தில் குறைந்தால் அது கவனிக்க வேண்டியது. நோயாளியை அசையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான்: எண்ணிக்கையும் சேர வேண்டும், சேர்ந்த எண்ணிக்கை உரிய இடத்திலும் விழ வேண்டும்.

நூறும் பதினேழும்

கணினி இடது இதயவறையில் மிக அதிகமாக மருந்து ஏறிய இடத்தைத் தேடி, அதற்கு 100 என்று பெயரிடும். மற்ற இடங்கள் எல்லாம் அதன் வீதமாகச் சொல்லப்படும். பிறகு இதயத்தின் முனையை நடுவில் வைத்து, அடிப்பகுதியை வெளி வளையமாக்கி, ஒரு வட்டப் படமாக விரிக்கும். பூகோளத்தைத் தட்டையான வரைபடமாக்குவது போன்றதே இது. 2002ஆம் ஆண்டு அமெரிக்க இதயச் சங்கம் இந்த வட்டத்தை 17 பகுதிகளாகப் பிரிக்கும் பொது முறையை வெளியிட்டது.

ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. 0 என்றால் வழமையானது. 4 என்றால் மருந்து ஏறவே இல்லை. பரீட்சையைப் போலன்றி இங்கே புள்ளி குறைவதே நல்லது. மிகக் கூடிய மொத்தம் 68. உழைப்பு நிலையில் மொத்தம் 4க்குக் குறைந்தால் பொதுவாக வழமையானதாகக் கருதுவர். உழைப்பு நிலையின் மொத்தத்திலிருந்து ஓய்வு நிலையின் மொத்தத்தைக் கழித்தால் வருவது, குருதி தேவையான வேளையில் போதாமற்போகும் தசையின் அளவு. கழித்தும் மாறாமல் நிற்பது தழும்பாக இருக்கலாம். அல்லது நிழலாக இருக்கலாம்.

உடலே போடும் நிழல்

பெண்களுக்குரிய சிக்கல் இங்கேதான் வருகிறது. 140 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் கதிர் ஏறத்தாழ 4.5 சென்ரிமீற்றர் மென்னிழையத்தைக் கடந்தால் பாதியாகக் குறையும். பெண்ணின் மார்பகம் இதயத்தின் முன்சுவருக்கும் கமராவுக்கும் இடையில் இருக்கிறது. முன்சுவர் மருந்தை நன்றாகவே எடுத்திருந்தாலும் அதன் கதிர்கள் வழியில் உறிஞ்சப்பட்டு, படத்தில் குறைவாகத் தெரியலாம். ஆண்களில் பெரும்பாலும் பிரிமென்றகடு கீழ்ச்சுவரின் மீது இதே வேலையைச் செய்கிறது.

எனது மாமிக்கு வயது 61. மாடிப்படி ஏறினால் களைப்பு, முதுகில் ஓர் இறுக்கம். “அது வாய்வு மகள், இஞ்சி போட்ட பிளேன்ரீ குடிச்சாச் சரியாகும்” என்று ஐந்து மாதம் கடத்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுவதுதான் இதய நோய் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. பெண்களுக்கு அது மூச்சுவாங்கலாக, அளவுமீறிய களைப்பாக, தாடையிலோ முதுகிலோ மேல்வயிற்றிலோ நோவாக, குமட்டலாகவும் வரலாம். கடைசியில் வைத்தியர் இந்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். விளக்கம் கேட்க நானும் கூடப் போனேன்.

முன்சுவரில் உழைப்பின்போது 67 வீதம், ஓய்வின்போது 68 வீதம். கீழ்ச்சுவரில் உழைப்பின்போது 58, ஓய்வின்போது 82. மாமியின் முகம் வாடிவிட்டது. “ரெண்டு பக்கமும் பழுதா டொக்டர்?” என்று கேட்டார்.

வைத்தியர் இல்லை என்றார். கமரா ஈசிஜியோடு இணைந்து ஒவ்வோர் இதயத் துடிப்பையும் எட்டுத் துண்டுகளாகப் பிரித்துப் பதிவு செய்திருந்தது. அதை ஓடவிட்டுக் காட்டினார். முன்சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாகத் தடித்துச் சுருங்கியது. தழும்பாகிய தசை அப்படிச் சுருங்காது. குப்புறப் படுக்க வைத்து எடுத்த இன்னொரு படத்தில் முன்சுவரின் குறைவு பெரிதும் மறைந்திருந்தது. மார்பகத்தின் நிலை மாறியதும் நிழலும் விலகிவிட்டது. கீழ்ச்சுவரோ அப்படியில்லை. ஓய்வில் எடுத்த மருந்தை உழைப்பில் எடுக்கவில்லை. அதுவே உண்மையான குறை. அஞ்சியோகிராம் செய்தபோது வலது முடியுருநாடி ஒடுங்கியிருந்தது தெரிந்து, அதற்குச் சிகிச்சையும் நடந்தது. இன்று மாமி படியேறுகிறார். இஞ்சி பிளேன்ரீயும் குடிக்கிறார்.

இரண்டு எண்களும் தாளில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 67ஐ நோய் என்று எடுத்திருந்தால் நல்ல நாடியைச் சந்தேகித்திருப்பார்கள். ‘பெண்களுக்கு இப்படித்தான் நிழல் விழும்’ என்று 58ஐயும் தள்ளியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். எண்ணை அளப்பது பாதி வேலை. அந்த எண் எவ்வழியாக வந்தது என்று விசாரிப்பது மீதிப் பாதி.

முதலாம் பிள்ளைக்கே 45 என்றால்?

வீதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் புள்ளியை 100 என்று வைத்து மற்றவர்களை ஒப்பிடுவோம். எல்லாரும் 45 எடுத்திருந்தால் எல்லாருக்கும் 100 வீதம் என்று வரும். அறிக்கை அழகாக இருக்கும், வகுப்போ பின்தங்கியிருக்கும். மூன்று முடியுருநாடிகளும் ஒரே அளவில் ஒடுங்கினால் இதயப் படத்திலும் இப்படி நேரலாம். எங்கும் குறைவு தெரியாது, ஏனென்றால் ஒப்பிட நல்ல பகுதி இல்லை.

இதற்குத் தீர்வு, வீதத்தை விட்டு உண்மைக் கணியத்தை அளப்பது. பெற் ஸ்கேன் எனப்படும் முறையில் றுபீடியம்-82 அல்லது நைதரசன்-13 அமோனியாவைச் செலுத்தி, அது குருதியிலிருந்து தசைக்கு ஏறும் வேகத்தை வினாடிக்கு வினாடி பதிவு செய்கிறார்கள். ஒரு கிராம் தசைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் குருதி என்றே விடை கிடைக்கும். ஆரோக்கியமான இதயத்தில் ஓய்வில் அது 1க்கு அண்மையாக இருந்து, உழைப்பில் இரண்டு, மூன்று மடங்காகக் கூடும். றுபீடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 75 வினாடி, நைதரசன்-13க்கு 10 நிமிடம். ஆகவே எல்லா வைத்தியசாலைகளிலும் இதைச் செய்வது இலகுவன்று.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இந்தக் கதிர் ஆபத்தா? ஓய்வும் உழைப்பும் சேர்ந்த பரிசோதனையில் கிடைக்கும் கதிரளவு பொதுவாக 10 மில்லிசீவேட்டுக்கு அண்மையானது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக மக்களுக்கு இயற்கையாகக் கிடைக்கும் ஆண்டுச் சராசரி 2.4. அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குரிய இயற்கைக் கதிர். காரணமின்றிப் பெற வேண்டியதன்று. காரணம் இருக்கும்போது பயந்து ஒதுங்க வேண்டியதுமன்று.

எப்போது உடலை விட்டு நீங்கும்? கணக்குப் போடுங்கள். 24 மணித்தியாலம் என்பது நான்கு அரை ஆயுட்காலம். பாதி, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. சிறுநீருடனும் மலத்துடனும் வெளியேறுவதைச் சேர்த்தால் இன்னும் குறைவு. தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்வது அதற்காகவே.

தேநீர் ஏன் கூடாது? நாடியை விரிக்கும் அடினோசீன் பொருந்த வேண்டிய வாங்கியில் தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் போய் அமர்ந்துகொள்ளும். அதனால் மருந்து வேலை செய்யாது, பரிசோதனை பொய்யாகும். குறைந்தது 12 மணித்தியாலம், பல இடங்களில் 24 மணித்தியாலம் தேநீர், கோப்பி, கோலா, சொக்கலேற் ஆகியவற்றை நிறுத்தச் சொல்வார்கள். ‘ஒரு சொட்டுத்தானே’ என்று உம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெண்கள் என்ன சொல்ல வேண்டும்? கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கக்கூடும் என்று நினைத்தாலோ, பாலூட்டினாலோ முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். முந்தானையில் குத்திய உலோக ஊசிகள், மாலை, கம்பி வைத்த உள்ளாடை ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். அவையும் கதிரை மறைக்கும். இரண்டு தடவையும் ஒரே நிலையில், ஒரே விதமாகப் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிழல் இடம் மாறி நோயைப்போலத் தோன்றும். வெட்கமாக இருந்தால் பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. வெட்கத்தினால் பரிசோதனைக்கே போகாமல் இருப்பதுதான் தவறு.

மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். காலை 8 மணிக்கு ஒரு குப்பியில் 800 மெகாபெக்கரெல் தெக்னீசியம்-99எம் இருக்கிறது. பிற்பகல் 2 மணிக்கு வரும் நோயாளிக்கு 300 மெகாபெக்கரெல் கொடுக்க வேண்டும். குப்பியில் உள்ள திரவத்தில் எத்தனை பங்கை எடுக்க வேண்டும்? விடையைக் கண்டபின் வீட்டில் உம்மாவிடமும் உம்மம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “படியேறும்போது களைப்பு வருகிறதா?” முதற் கேள்விக்கு விடை நான்கில் மூன்று பங்கு. இரண்டாவதுக்கு ‘ஆம், இப்போ கொஞ்ச நாளாத்தான்’ என்று விடை வந்தால், நாள் கடத்தாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.